பைசனா, மாடா? மொன்டானா மேய்ச்சல் தகராறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மத்திய அரசுக்குச் சொந்தமான மேய்ச்சல் நிலம் கோடிக்கணக்கான ஏக்கர் இருக்கிறது. அதில் இன்று மேய்வது பெரும்பாலும் மாடுதான். ஒரு காலத்தில் அதே புல்லில் மேய்ந்த பைசனை மறுபடி அங்கே விடலாமா என்று கேட்டதும் ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. சண்டை சூடாக இருக்கும் இடம் கனடா எல்லையை ஒட்டிய மொன்டானா மாநிலம். "புல்லுக்கு எது நல்லது?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கும் கீழே பதில் உண்டு. ஆனால் இந்தச் சண்டையில் புல்லுக்கு இருக்கும் பங்கு கொஞ்சம்தான் என்பது என் எண்ணம். நிலம் யார் கையில், அனுமதி யார் பெயரில், 'கால்நடை' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் என்ன பொருள் என்பவையே பெரிய பங்கு.

பைசன் என்றால் கொடைக்கானலில் ரோட்டைக் கடக்குமே, அந்தக் காட்டெருமைதானே?

இல்லை. நம் மலைகளில் இருப்பது வேறு விலங்கு. அதைக் காட்டெருமை, காட்டுமாடு, காட்டி என்று ஊருக்கு ஒரு பெயரில் சொல்கிறோம். வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் அதை 'இந்தியன் பைசன்' என்று அழைத்ததில் வந்த குழப்பம் இது. நம்முடையதற்குப் பளபளக்கும் கறுப்பு உடம்பு, கால்களில் வெள்ளைக் காலுறை மாட்டியதுபோல நிறம். அமெரிக்க பைசனுக்குத் தோளில் பெரிய திமில், தலையிலும் கழுத்திலும் முன்னங்காலிலும் கம்பளி போர்த்தியதுபோல முடி. காளை 900 கிலோ வரை போகும். அவ்வளவு எடையோடு மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்.

அமெரிக்கர்கள் பேச்சுவழக்கில் இதை 'பஃபலோ' என்கிறார்கள். அதை அப்படியே எருமை என்று தமிழாக்கினால், குட்டையில் கிடக்கும் நம்ம எருமை வந்து நிற்கும். அதனால் இங்கே பைசன் என்றே எழுதுகிறேன்.

பொது மேய்ச்சல் நிலம் என்றால் நம்மூர் மேய்ச்சல் புறம்போக்கு மாதிரியா?

ஓரளவுக்கு. நிலம் அரசுடையது, புல் மேய்ப்பவருடையது என்ற அளவில் சரி. ஆனால் யார் வேண்டுமானாலும் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட முடியாது.

முன்பு அப்படித்தான் இருந்தது. முந்தி வந்தவன் மாடு மேய்ந்தது, பிந்தி வந்தவன் ஆடு மிச்சத்தை மேய்ந்தது, நிலம் மொட்டையானது. 1930களின் வறட்சியும் புழுதிப் புயலும் வந்தபோது கட்டுப்பாடு தேவை என்பதை மேய்ப்பவர்களில் பலரே ஒப்புக்கொண்டார்கள். கொலராடோவைச் சேர்ந்த எட்வர்ட் டெய்லர் கொண்டுவந்த மேய்ச்சல் சட்டம் 1934இல் நிறைவேறியது. அவர் பெயரிலேயே டெய்லர் சட்டம் என்கிறார்கள். நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் யார், எத்தனை மாடு, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று அனுமதிச் சீட்டு கொடுக்கும் முறை அப்போது வந்தது. இப்போது அதை நடத்துவது மத்திய உள்துறையின் கீழ் இருக்கும் நில மேலாண்மைப் பணியகம். அதன் கையில் சுமார் 24.5 கோடி ஏக்கர், அதில் 15.5 கோடி ஏக்கரில் மேய்ச்சல் நடக்கிறது. வனத்துறை நிலங்கள் தனி.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பின்னால் தேவைப்படும். அனுமதி பொதுவாகப் பக்கத்தில் சொந்தப் பட்டா நிலம் வைத்திருப்பவருக்குத்தான். அந்தப் பட்டா நிலம் கைமாறினால், வாங்கியவருக்கே அரசு நிலத்தின் மேய்ச்சலிலும் முன்னுரிமை. அதாவது ஆயிரம் ஏக்கர் கிரயம் பண்ணினால், அதோடு சேர்ந்து பல ஆயிரம் ஏக்கர் அரசுப் புல்லும் பின்னாலேயே வரும்.

மேய்ச்சலுக்குக் கட்டணம் எவ்வளவு?

கணக்கு தலைக்கு, மாதத்துக்கு. கன்றோடு ஒரு பசு ஒரு மாதம் மேயும் புல் ஓர் அலகு. ஒரு குதிரைக்கும் அதே அலகு, ஐந்து ஆட்டுக்கும் அதே அலகு. 1978ஆம் ஆண்டுச் சட்டம் தந்த சூத்திரப்படி ஆண்டுதோறும் கட்டணம் நிர்ணயிக்கிறார்கள். 1.35 டாலருக்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு வரம்பு உண்டு. பல ஆண்டுகள் அந்த அடிமட்டத்திலேயே நின்றிருக்கிறது, 2024இலும் அப்படித்தான். அதே ஒரு மாதப் புல்லுக்குத் தனியார் நிலத்தில் 20 டாலருக்கு மேல் கேட்கிறார்கள்.

இதைச் சலுகை என்று சொன்னால் மாட்டுப் பண்ணைக்காரர்களுக்குக் கோபம் வரும். அரசு நிலத்தில் வேலியும் தண்ணீர்த் தொட்டியும் தாங்களே பராமரிக்கிறோம், தனியார் நிலம் அப்படியா என்பார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் பதினைந்து மடங்கு வித்தியாசத்தை வேலிக்கம்பி மட்டும் விளக்கிவிடுமா என்பது என் சந்தேகம்.

கோடிக்கணக்கில் இருந்த பைசன் எங்கே போனது?

வட அமெரிக்காவில் ஒரு காலத்தில் 3 கோடி முதல் 6 கோடி வரை இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். 1880களின் முடிவில் ஆயிரத்துக்கும் குறைவு. நோயால் அழியவில்லை, சுட்டு அழித்தார்கள். 1870களின் தொடக்கத்தில் பைசன் தோலைப் பதப்படுத்தும் முறை கைவந்தது. அந்தத் தோல் தொழிற்சாலை இயந்திரங்களுக்குப் பட்டையாக ஓட, கிராக்கி ஏறியது. ரயில் வந்ததும் தோலை மூட்டையாகக் கட்டி அனுப்புவது சுலபமாகிவிட்டது. தெற்கு மந்தை 1870களில் முடிந்தது. மொன்டானா பக்கம் இருந்த வடக்கு மந்தை 1883 வாக்கில் முடிந்தது. பிறகு சமவெளியில் கிடந்த எலும்பைக்கூடப் பொறுக்கி உரத்துக்கு விற்றார்கள். பைசனை நம்பி வாழ்ந்த பழங்குடி மக்களைப் பட்டினி போட்டு, ஒதுக்கிய எல்லைக்குள் அடக்க இது வசதியாக இருந்தது. அரசும் ராணுவமும் இதைத் தடுக்க அக்கறை காட்டவில்லை.

காலியான புல்வெளிக்கு மாடு வந்தது. நாலைந்து வருடத்துக்குள் 1886-87 குளிர்காலம் வந்தது. பனி இறுகி, அடியில் இருந்த புல்லை எடுக்க முடியாமல் மாடுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. முதலாளி ஒருவர் மந்தை எப்படி இருக்கிறது என்று கடிதம் போட்டுக் கேட்டாராம். அங்கே வேலை செய்த சார்லி ரஸ்ஸல் என்ற இளைஞர் பதில் எழுதவில்லை. எலும்பும் தோலுமாகப் பனியில் நிற்கும் ஒரு மாட்டை ஒரு சின்ன அட்டையில் வரைந்து அனுப்பினார். பிற்காலத்தில் அவர் பெரிய ஓவியராகப் புகழ்பெற்றார். இன்றைக்குச் சண்டை நடக்கும் நிலத்தை ஒட்டி 11 லட்சம் ஏக்கரில் ஒரு வனவிலங்குப் புகலிடம் இருக்கிறது. அதற்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

பைசனாக இருந்தால் அந்தப் பனியை என்ன செய்திருக்கும்? தலையை மண்வெட்டி மாதிரி இருபக்கமும் வீசிப் பனியைத் தள்ளிவிட்டுப் புல்லை மேய்ந்திருக்கும். அந்தத் திமில் முழுக்கத் தலையைத் தூக்கி வீசுவதற்கான தசைதான்.

இப்போது யார் யாரோடு சண்டை போடுகிறார்கள்?

ஒரு பக்கம் அமெரிக்கன் ப்ரேரி என்ற தனியார் அறக்கட்டளை. 2001இல் தொடங்கியது. நிலத்தை வாங்கியும் குத்தகை பிடித்தும், அரசு நிலங்களோடு சேர்த்து, ஒட்டுமொத்தமாக 32 லட்சம் ஏக்கர் புல்வெளியை இணைப்பது அதன் கனவு. 2005இல் தெற்கு டகோட்டாவின் விண்ட் கேவ் தேசியப் பூங்காவிலிருந்து 16 பைசன்களைக் கொண்டுவந்து விட்டது. மந்தை இப்போது பல நூறாகப் பெருகியிருக்கிறது.

இவர்கள் யாருடைய நிலத்தையும் பிடுங்கவில்லை. விற்க முன்வந்தவரிடம் சந்தை விலைக்கு வாங்கினார்கள். மேலே சொன்ன நுணுக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பட்டாவோடு சேர்ந்து அரசு மேய்ச்சலும் அவர்கள் கைக்கு வந்தது. அவர்களிடம் இருக்கும் நிலத்தில் பெரும்பகுதி இப்படிக் குத்தகையாக வந்ததுதான். அப்புறம் பணியகத்திடம் போய், "இந்தத் துண்டுகளில் மாட்டுக்குப் பதில் பைசனை விடுகிறோம், சில இடங்களில் வருடம் முழுக்க மேயட்டும், உள்வேலிகளை எடுத்துவிடுகிறோம்" என்றார்கள். முதலில் பெரிதாகக் கேட்டு, பிறகு கோரிக்கையைச் சுருக்கினார்கள். 2022 ஜூலையில் மொன்டானாவின் பிலிப்ஸ் கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி) சுமார் 63,000 ஏக்கருக்குப் பணியகம் சம்மதித்தது.

மறுபக்கம் மாட்டுப் பண்ணைக்காரர் சங்கங்கள், மொன்டானா ஆளுநர், மாநிலத் தலைமை வழக்கறிஞர். எல்லோரும் அந்த முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்தார்கள். வாஷிங்டனில் ஆட்சி மாறினால் இந்த மாதிரி அனுமதிகளின் தலையெழுத்தும் மாறக்கூடும் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. அதனால் யாரும் நிம்மதியாக இருக்கவில்லை.

எதிர்ப்பவர்கள் சட்டத்தில் எதைப் பிடித்துக்கொள்கிறார்கள்?

ஒரே ஒரு சொல்லை: கால்நடை.

டெய்லர் சட்டம் கால்நடை மேய்ச்சலுக்கானது. பணியகத்தின் விதிகளில் கால்நடை என்றால் மாடு, செம்மறி, குதிரை, கழுதை, வெள்ளாடு என்று பட்டியல் போட்டிருந்தது. பைசன் அதில் இல்லை. அப்படியிருக்கப் பைசனுக்கு எப்படிச் சீட்டு கொடுத்தீர்கள் என்று எதிர்ப்பவர்கள் கேட்கிறார்கள். அதே விதிகளில் வேறோர் இடத்தில், தனியாருக்குச் சொந்தமான, அந்த மண்ணுக்கே உரிய விலங்குகளுக்குச் சிறப்பு அனுமதி தரலாம் என்றும் இருந்தது. அந்த வாசல் வழியாகத்தான் பைசன் உள்ளே வந்தது. அமெரிக்கன் ப்ரேரிக்கு முன்பே வேறு சிலர் பொதுநிலத்தில் பைசன் மேய்த்திருக்கிறார்கள். அப்போது இந்த அளவுக்கு யாரும் சத்தம் போடவில்லை.

எதிர்தரப்பு அடுத்து நோக்கத்துக்குப் போகிறது. மேய்ச்சல் அனுமதி உற்பத்திக்காக, கறிக்காக, பிழைப்புக்காக. இவர்கள் பைசனை வளர்ப்பது விற்பதற்கா, வேடிக்கை பார்ப்பதற்கா? விற்காத மிருகத்துக்கு மேய்ச்சல் சீட்டு எதற்கு? என்னைக் கேட்டால், இந்தத் தகராறில் உண்மையிலேயே யோசிக்க வைக்கும் கேள்வி இதுதான். 1934இல் சட்டம் எழுதியவர்கள் மனதில் கன்றும் பசுவும்தான் இருந்திருக்கும், மறுப்பதற்கில்லை. அதே சமயம், 1976இல் வந்த பொதுநிலச் சட்டம் இந்த நிலங்களைப் பல பயன்களுக்குமாகப் பராமரிக்க வேண்டும் என்கிறது. மேய்ச்சலும் வனவிலங்கும் அந்தப் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டு சட்டமும் ஒரே நிலத்தின்மேல் நிற்பதால் வக்கீல்களுக்கு வேலை தீராது.

மாநிலத்தின் கணக்கில் பைசன் கால்நடையா, காட்டு விலங்கா?

யாருடைய பைசன் என்பதைப் பொறுத்தது. மொன்டானாவில் தனியாருக்குச் சொந்தமான பைசன் மாநிலச் சட்டப்படி கால்நடை. காதில் அட்டை, தலைவரி, கால்நடைத் துறையின் கண்காணிப்பு எல்லாம் உண்டு. எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் திரிவது வனவிலங்கு. 2021இல் மொன்டானா ஒரு சட்டம் போட்டது: காட்டு பைசனை ஒரு கவுண்டிக்குள் விடுவதற்கு முன் அந்தக் கவுண்டி ஆணையர்களின் சம்மதம் வேண்டும்.

ஆக, மாநிலத்திடம் போனால் "இது கால்நடை, வரி கட்டு" என்கிறார்கள். மத்திய அரசின் புல்லைக் கேட்டால், "இது கால்நடையே இல்லை, வெளியே போ" என்று அதே மாநிலம் வாதாடுகிறது. வரி வாங்கும்போது மாடு, புல் கேட்கும்போது பைசன்.

சரி, புல்லுக்கு எது நல்லது?

பைசனும் மாடும் மேய்கிற விதமே வேறு. பைசன் அநேகமாகப் புல்லையும் கோரையையும் மட்டும் தின்னும். பூக்கும் செடிகளை அதிகம் தொடாது. மாடு புல்லோடு செடிகொடியையும் கணிசமாகக் கடிக்கும். பைசன் ஒரு பக்கம் ஒட்ட மேய்ந்துவிட்டு வெகுதூரம் நகர்ந்துவிடும். தண்ணீர் குடிக்க வரும், குடித்ததும் போய்விடும். மாடு ஓடைக்கரையிலேயே படுத்துக்கிடக்கும்; கரை இடிந்து, இளஞ்செடி மிதிபட்டு, தண்ணீர் கலங்கும். வடக்குச் சமவெளியில் இரண்டையும் பின்தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், மாடு தன் நேரத்தில் கிட்டத்தட்டப் பாதியை மேய்வதில் கழித்தது, பைசன் கால்வாசியைத்தான்.

அப்புறம் புரள்குழி. பைசன் மண்ணில் புரண்டு புரண்டு தாம்பாளம் போல் ஒரு பள்ளம் உண்டாக்கும். மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்கும். சுற்றிலும் வறண்ட புல்வெளி, நடுவில் ஒரு குட்டை. அங்கே முளைக்கும் செடியே வேறு.

கான்சஸ் மாநிலத்தில் கொன்சா ப்ரேரி என்ற ஆய்வு நிலம் இருக்கிறது. அங்கே ஒரு பகுதியில் பைசன், ஒரு பகுதியில் மாடு, ஒரு பகுதியில் எதுவுமில்லை என்று விட்டு 29 ஆண்டுகள் செடிகளை எண்ணினார்கள். 2022இல் முடிவு வந்தது. எதுவும் மேயாத இடத்தோடு ஒப்பிட்டால், பைசன் மேய்ந்த இடத்தில் நாட்டுச் செடி வகைகள் இரண்டு மடங்கு. மாடு மேய்ந்த இடத்திலும் கூடியது, ஆனால் பைசன் அளவுக்கு இல்லை. நடுவில் வந்த கடும் வறட்சியையும் பைசன் நிலம் தாங்கிக்கொண்டது.

அப்படியானால் கேள்வி முடிந்ததே? மாட்டை எடுத்துவிட்டுப் பைசனை விட வேண்டியதுதானே?

அவசரப்படாதீர்கள். கொன்சாவில் பைசன் வருடம் முழுக்க இருந்தது, மாடு செடி வளரும் பருவத்தில் மட்டும். வித்தியாசத்தில் எவ்வளவு விலங்கால், எவ்வளவு மேய்த்த முறையால் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். தவிர, கான்சஸ் அந்தப் பகுதியில் ஆளுயரப் புல் வளரும், ஆண்டுக்கு 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை. பிலிப்ஸ் கவுண்டியில் மழை அதில் பாதிகூட இல்லை, புல் கணுக்கால் உயரம். அங்கே கண்டதை இங்கே அப்படியே ஒட்டக்கூடாது.

வேலிக்குள் நெருக்கி அடைத்து வைத்தால் பைசனும் நிலத்தை மொட்டையடிக்கும். மாட்டைக் கொஞ்சமாக விட்டு, தண்ணீரைத் தள்ளி வைத்து, இடம் மாற்றி மாற்றி மேய்த்தால் நிலம் நன்றாகவே தேறும். எத்தனை தலை, எத்தனை நாள், ஓய்வு எவ்வளவு என்பதில் தவறினால் எந்த விலங்கும் காப்பாற்றாது.

பண்ணைக்காரர்கள் சொல்லும் இன்னொன்றையும் ஒதுக்க முடியாது. புல்வெளிப் பறவைகளின் பெரிய எதிரி மாடல்ல, கலப்பை. ஒருமுறை உழுது கோதுமை போட்டால் அந்தப் புல்வெளி போனதுதான். பிலிப்ஸ் கவுண்டியில் இவ்வளவு உழாத புல்வெளி மிஞ்சியிருப்பதே மூன்று நான்கு தலைமுறையாக அங்கே மாடு மேய்ந்ததால்தான். காப்பாற்றி வைத்தவர்களையே காலி செய்யச் சொன்னால் யாருக்குத்தான் வலிக்காது?

மாட்டுக்கு வேண்டிய புல்லைப் பைசன் தின்றுவிடாதா?

இதற்கு யூட்டா மாநிலத்தில் ஒரு நல்ல கதை இருக்கிறது. ஹென்றி மலைப்பகுதிக்கு 1941இல் எல்லோஸ்டோனிலிருந்து 18 பைசன்களைக் கொண்டுவந்தார்கள். அவை பெருகி, இன்று பல நூறு பைசன்கள் வேலியில்லாமல் பொதுநிலத்தில் திரிகின்றன. அதே நிலத்தில் அனுமதி பெற்ற மாடுகளும் மேய்கின்றன. பண்ணைக்காரர்களுக்கு நெடுநாள் மனக்குறை: எங்கள் மாட்டுப் புல்லைப் பைசன் காலி செய்கிறது.

ஆராய்ச்சியாளர்கள் போய்ச் சின்னச் சின்ன அடைப்புகள் கட்டினார்கள். சிலவற்றில் எதுவும் நுழைய முடியாது, சிலவற்றில் முயல் மட்டும் நுழையலாம் என்று வைத்து, யார் எவ்வளவு தின்கிறார்கள் என்று அளந்தார்கள். 2015இல் வெளியான கணக்கு இது: மேயப்பட்ட புல்லில் மாடு தின்றது சுமார் 52 சதவீதம், பைசன் சுமார் 14 சதவீதம். மிச்சம் 34 சதவீதம் முயல்! எல்லோரும் பைசனைத் திட்டிக்கொண்டிருக்க, இரண்டு மடங்குக்கு மேல் தின்றுவிட்டு முயல் புதரில் உட்கார்ந்திருக்கிறது. முயலைப் பிடித்துத் தின்னும் கயோட்டி நரியைச் சுடுவதும் அதே ஊரில் நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பைசனிடமிருந்து மாட்டுக்கு நோய் வருமாமே?

பயம் புரூசெல்லோசிஸ் பற்றியது. நம்மூர்க் கால்நடை மருத்துவர்கள் கன்றுவீச்சு நோய் என்பார்கள். சினை முற்றிய பசு கன்றை வீசிவிடும். பச்சைப்பாலில் மனிதருக்கும் தொற்றும், விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும். ஒரு மந்தையில் வந்தால் பரிசோதனை, தனிமைப்படுத்தல், விற்பனைத் தடை என்று பண்ணைக்காரர் பிழைப்பு நின்றுபோகும். அதனால் பயத்தைக் கேலி செய்யக்கூடாது.

ஆனால் யார் யாருக்குக் கொடுத்தார்கள்? இந்தக் கிருமி ஐரோப்பிய மாடுகளோடு அமெரிக்காவுக்கு வந்தது. எல்லோஸ்டோன் பைசனில் 1917இல் கண்டுபிடித்தார்கள். மாடுதான் பைசனுக்குக் கொடுத்தது. பூங்காவைச் சுற்றி 1998 முதல் மாடுகளுக்குப் பரவிய நோய்க்கெல்லாம் மூலம் எல்க் மான் என்று தேசிய அறிவியல் கழகத்தின் 2017 அறிக்கை சொன்னது. எல்க் வேட்டைக்காரர்களுக்குப் பிடித்த விலங்கு, வேட்டையில் மாநிலத்துக்குப் பணமும் வருகிறது. அதைப் பூங்கா எல்லையில் யாரும் மறிப்பதில்லை. பைசன் எல்லை தாண்டினால் மட்டும் சுடுகிறார்கள், பிடிக்கிறார்கள். 2022-23 குளிர்காலத்தில் மட்டும் எல்லோஸ்டோன் மந்தையிலிருந்து 1,500க்கு மேற்பட்ட பைசன்கள் இப்படிக் கழிக்கப்பட்டன.

பிலிப்ஸ் கவுண்டி எல்லோஸ்டோனிலிருந்து வெகுதூரம். அமெரிக்கன் ப்ரேரி மந்தையின் மூலமும் வேறு, நோயில்லாத மந்தைகளிலிருந்து வந்தது. அங்கே போய் இந்த நோயைக் காரணம் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வேலி தாண்டி வந்துவிட்டால்?

வரும். ஆள் உயர வேலியையே பைசன் நினைத்தால் தாண்டும் அல்லது முட்டிக்கொண்டு போய்விடும். மின்கம்பி சேர்த்த வேலி ஓரளவு நிறுத்துகிறது. அடிக்கம்பியைத் தரையிலிருந்து முக்கால் முழத்துக்கு மேல் உயர்த்திக் கட்டுகிறார்கள். அங்கிருக்கும் ப்ராங்ஹார்ன் என்ற மான்போன்ற விலங்கு தாண்டாது, குனிந்து நுழைந்துதான் போகும், அதற்காக. பக்கத்துப் பண்ணைக்காரருக்கோ, கிட்டத்தட்ட ஒரு டன் எடையுள்ள பைசன் காளை ஒரு விடிகாலை தன் மாடுகளுக்கு நடுவே நிற்கிற காட்சிதான் கண்முன் வருகிறது.

"கவ்பாயைக் காப்பாற்று" என்று எதிர்ப்பவர்கள் பலகை வைத்திருக்கிறார்களே, எதற்கு?

பிலிப்ஸ் கவுண்டியின் மக்கள்தொகை சுமார் 4,200. தலைமையூர் மால்டா. ஒரு பண்ணை விற்கப்பட்டால் ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போகிறது. பள்ளியில் இரண்டு மூன்று பிள்ளைகள் குறைவார்கள், தீவனக் கடையில் ஒரு பற்றுக் கணக்கு மூடப்படும், தீயணைக்க ஓடிவரும் தன்னார்வலரில் ஓர் ஆள் போய்விடுவார். அறக்கட்டளை வரி கட்டுகிறது, சுற்றுலாவுக்கு ஆள் வருகிறார்கள், பக்கத்துப் பண்ணைக்காரர்களின் மாட்டுக்கும் தன் நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறது. எல்லாம் உண்மை. ஆனால் கூடாரம் போட்டுப் பைசன் பார்க்க வந்தவர் ஊர்ப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கப் போவதில்லை.

இன்னொரு வருத்தமும் உண்டு. வெளியூர்க் கோடீஸ்வரர்களின் நன்கொடையில் நிலம் வாங்குபவரோடு, கன்று விற்ற காசில் நிலம் வாங்க நினைக்கும் உள்ளூர் இளைஞன் எப்படிப் போட்டி போடுவான்? இதே இளைஞனை, பைசனைப் பற்றியே நினைக்காத பெரும்பணக்காரர்களும் விலையில் அடித்துத் தள்ளுகிறார்கள். அவர்களுக்கு எதிராகப் பலகை வைக்கக் காணோம்.

பழங்குடி மக்கள் இதில் எங்கே இருக்கிறார்கள்?

இந்தச் செய்திகளில் பெரும்பாலும் கடைசிப் பத்தியில். இங்கேயும் கேள்வி பின்னால்தான் வந்திருக்கிறது, தப்பு என்னுடையதுதான்.

பிலிப்ஸ் கவுண்டியை ஒட்டியே ஃபோர்ட் பெல்நாப் பழங்குடிப் பகுதி. கிழக்கே ஃபோர்ட் பெக். எல்லோஸ்டோன் பைசன்களைத் தனிமைப்படுத்தி, நோயில்லை என்று உறுதிசெய்து 2012இல் முதலில் அனுப்பியது ஃபோர்ட் பெக்குக்குத்தான். அதை எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டார்கள், மொன்டானா உச்சநீதிமன்றம் 2013இல் பழங்குடிகள் பக்கம் தீர்ப்பளித்தது. பிளாக்ஃபீட் மக்கள் தங்கள் மொழியில் பைசனை 'இன்னீ' என்கிறார்கள். கனடாவின் எல்க் தீவுப் பூங்காவிலிருந்து 2016இல் அவர்களுக்கு 87 கன்றுகள் வந்தன. 2023இல் சீஃப் மலையடியில் கொஞ்சத்தை வேலியில்லாமல் திறந்துவிட்டார்கள்.

இவர்களுக்கு மாடு பகையல்ல. பழங்குடிக் குடும்பங்களிலும் மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர்கள் நிறைய. ஒரே வீட்டில் அண்ணன் மாடு, தம்பி பைசன் என்றும் இருக்கிறது. ஆனால் பொதுநிலத்தில் பைசனுக்கு இடமே இல்லை என்று சட்டம் முடிவானால், நாளைக்குப் பக்கத்து அரசு நிலத்தில் மேய்ச்சல் கேட்கப்போகும் பழங்குடி மந்தைக்கும் அதே கதவு சாத்தப்படும். அதை அமெரிக்கன் ப்ரேரியின் தனிப்பட்ட வழக்காகப் பார்ப்பவர்கள் கவனிப்பதில்லை.

பைசன் கறி சாப்பிடுகிறார்களா?

சாப்பிடுகிறார்கள். மாட்டுக்கறியைவிடக் கொழுப்பு குறைவு, விலை அதிகம். அமெரிக்காவில் இன்றிருக்கும் பைசனில் பெரும்பாலானவை கறிக்காகத் தனியார் பண்ணையில் வளர்பவைதான். பாதுகாப்புக்காக வளர்க்கும் மந்தைகளில் இருப்பது சில பத்தாயிரம் மட்டுமே. 2016இல் பைசனைத் தேசியப் பாலூட்டியாக அறிவித்தபோது, தேசியச் சின்னம் சாப்பாட்டுத் தட்டிலும் இருக்கலாமா என்று யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை. உண்மையில் கறி விற்கும் பைசன் பண்ணைக்காரர்களும் அந்த அறிவிப்புக்காக உழைத்தவர்கள்தான்.

இரண்டும் ஒரே நிலத்தில் மேயவே முடியாதா?

ஹென்றி மலையில் எண்பது ஆண்டுக்கு மேலாக மேய்கின்றன. சிராய்ப்பு இருக்கிறது, பேச்சுவார்த்தை இருக்கிறது, ஆண்டுதோறும் வேட்டைச் சீட்டு கொடுத்து மந்தையின் அளவைப் பிடித்து வைக்கிறார்கள். அந்த பைசன்கள் மாநிலத்தின் வனவிலங்கு. யாரும் அவற்றுக்காக ஒரு மாட்டுப் பண்ணையை வாங்கவில்லை, யாருடைய மேய்ச்சல் சீட்டையும் பெயர் மாற்றவில்லை. பிலிப்ஸ் கவுண்டியில் நடப்பது வேறு. அங்கே பைசன் வருவது பட்டா கைமாறிய பிறகு. அதனால்தான் முயல் கணக்கைக் கொண்டுபோய் மால்டாவில் காட்டினால் யாரும் சிரிப்பதில்லை.